தீச்செங்கல்லுக்கு ஏற்ற சாந்து

கமக்காரர்களே! ஹற்றன், நுவரெலியாத் தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை உலர்த்தும் காற்று விறகுலையாற் சூடாக்கப்படுவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வுலையின் உட்சுவர் தீச்செங்கல்லாலானது. மரக்கறி உலர்த்த நீங்களும் அவ்வாறு அடுப்புக் கட்டுவதாயின், கல்லை மட்டுமன்றிச் சாந்தையும் பாருங்கள்.

சாதாரண சீமெந்து இங்கு உதவாது. ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்கு மேல் அதிலுள்ள நீறிய சுண்ணாம்பு நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகும். அடுப்பு ஆறியபின் மலைநாட்டு ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், மூட்டு உதிரும், புகை கசிந்து மரக்கறியிற் படியும்.

தீக்களிமண்ணையும் தீச்செங்கற்பொடியையும் நீரிற் குழைத்த சாந்தே ஏற்றது. பொடி அரைக்கையில் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். மூட்டு 1/8 அங்குலத்தை மீறலாகாது. தடித்தாற் சுருங்கி வெடிக்கும். சில நாள் உலரவிட்டுச் சிறுதீயால் மெல்லச் சூடேற்றுங்கள். அவசரப்பட்டுப் பெருந்தீ மூட்டினால் உள்ளிருக்கும் நீராவி மூட்டைப் பிளந்துவிடும். இச்சாந்து தீயினாலேயே இறுகுவது. மழைபடும் வெளிச்சுவருக்குச் சீமெந்தே போதும்.