ஓடும் பிள்ளையின் இருதயத்தில் ஒரு தழும்பு



தை பிறந்துவிட்டால் ஹட்டன், நுவரெலியா பகுதிப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் களைகட்டிவிடும். தேயிலை மலைகளைச் சுற்றி வளைந்து செல்லும் பாதைகளில் பிள்ளைகள் மரதன் ஓடுவார்கள். "என் மகன் ஓடுகிறான்" என்று உம்மாமார் பெருமையோடு வாசலில் நிற்பார்கள். விளையாட்டு உடலுக்கு நல்லதே. ஆனால், நல்ல உடற்கட்டுள்ள இளைஞனும் மைதானத்தில் திடீரென விழுவதுண்டு. அது ஏன் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

நெதர்லாந்தில் மொரோக்கோ வம்சாவளிக் குடும்பமொன்றில் பிறந்தவர் அப்துல்ஹக் நூரி. அயாக்ஸ் உதைபந்தாட்டக் கழகத்தின் 20 வயது வீரர். 2017 ஜூலை 8ஆம் திகதி, ஆஸ்திரியாவில் நடந்த ஆட்டத்தின்போது இருதயத் துடிப்பு தாறுமாறாகி விழுந்தார். உயிர் தப்பியது, மூளையோ நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. மைதானத்தில் அளித்த சிகிச்சை போதியதாக இருக்கவில்லை என்று கழகமே 2018இல் ஒப்புக்கொண்டது.

அதே கழகத்தில் முன்னர் ஆடிய டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், 2021 ஜூன் 12இல் கொப்பன்ஹேகன் மைதானத்தில் விழுந்தார். உடனே நெஞ்சை அழுத்தினார்கள். அங்கேயே மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். கண் விழித்தார். துடிப்பைக் காக்கும் சிறு கருவி உடலில் பொருத்தப்பட்டு, 2022 பெப்ரவரியில் மீண்டும் ஆடுகளம் இறங்கினார்.

இருதயம் நின்ற பின்னர் ஒவ்வொரு நிமிடமும் பொன்னானது. எதுவும் செய்யாமல் கழியும் ஒரு நிமிடத்துக்குப் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் குறைகிறது.

துடிப்பு ஏன் தாறுமாறாகிறது? காரணங்கள் பல. பிறவியிலேயே இருதயத் தசை தடித்திருக்கலாம். இன்னொன்று, தசையில் விழும் தழும்பு. சில வைரஸ் காய்ச்சல்கள் அரிதாக இருதயத் தசையையும் அழற்சிக்குள்ளாக்கும். புண் ஆறிய இடத்தில் தோல் தழும்பாவது போல, அங்கேயும் தழும்பு நிற்கலாம். இருதயத்தை இயக்கும் மின்சாரம் தழும்புக்குள் புகாது. அதைச் சுற்றிச் சுற்றி ஓடும். அப்போது துடிப்பு கட்டுமீறி, இரத்தம் மூளைக்குப் போகாமல் ஆள் சாய்ந்துவிடுவார்.

பல்லாண்டுக் கடும் பயிற்சியோடும் இத்தழும்பு சேர்ந்து காணப்படுகிறது. 50 வயதைக் கடந்த 106 ஆண் வீரர்களை ஆராய்ந்து லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2025இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேரிடம் தழும்பு இருந்தது. தழும்புள்ளவர்களிடமே ஆபத்தான துடிப்பு அதிகம் காணப்பட்டது. இதைக் கேட்டு யாரும் பிள்ளையை வீட்டில் பூட்டிவைக்க வேண்டாம். அவர்கள் பல வருடங்களாக வாரத்துக்கு 10 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்தவர்கள்.

நாம் கவனிக்க வேண்டியவை இவைதாம். ஓடும்போதே மயங்கி விழுந்த பிள்ளை, நெஞ்சு வலிக்கிறது அல்லது படபடக்கிறது என்று சொல்லும் பிள்ளை, குடும்பத்தில் இளவயதில் திடீர் மௌத்து நிகழ்ந்த பிள்ளை ஆகியோரை வைத்தியரிடம் காட்டி ஈ.சி.ஜி. எடுக்காமல் ஓட விடாதீர்கள். காய்ச்சல் உள்ள பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பாதீர்கள். "பதக்கம் போய்விடுமே" என்று அவன் அழுதாலும் சரியே. இருதயத் தசையில் அழற்சி கண்டவர்கள் சில மாதங்கள் போட்டியையே மறந்திருக்க வேண்டும்.

இன்னொரு விடயம். இருதயம் நின்றவுடன் சிலருக்குக் கை, கால் வெட்டி இழுக்கும். வலிப்பென்று எண்ணிக் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். சிலர் ஓதிப் பார்க்க என்னைப் போன்றவர்களிடம் ஓடி வருவார்கள். ஓதுபவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்: துஆவை நாவு செய்யட்டும், கைகள் நெஞ்சை அழுத்தட்டும்.

அழைத்தால் பதில் இல்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் ஒருவர் 1990க்கு அழைக்க வேண்டும். அம்புலன்ஸ் சேவை இலவசம். மற்றவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. தோட்டத்து மேட்டிலிருந்து டிக்கோயா வைத்தியசாலைக்கு வளைந்து இறங்கும் பாதை நீளமானது. அதுவரை அந்த உயிரைத் தாங்கி நிற்பவை நம் கைகளே.

பிள்ளைகள் இறைவன் தந்த அமானிதம். அடுத்த போட்டிக்கு முன் அதிபரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு பிள்ளை விழுந்தால், நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர் மைதானத்தில் யார்?"