கோடை விடுமுறை: பகல் 11 மணி முதல் 4 மணி வரை பிள்ளைகள் எங்கே?

பள்ளிக்கூடத்தைப் பூட்டி விட்டார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தாய்மார்களுக்குத் திண்டாட்டம்!

"அம்மா, பொழுது போகவில்லை" என்று காலை 9 மணிக்கே பல்லவி தொடங்கி விடுகிறது. "சும்மா கிட" என்று அதட்டினால் எந்தப் பிள்ளை சும்மா கிடக்கும்? கொஞ்ச நேரம் சுவரைப் பார்க்கும். பிறகு வாசலைப் பார்க்கும். அப்புறம் ஆளைக் காணோம்!

இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. கிணற்றிலும், குளத்திலும், கல் குவாரிக் குட்டையிலும் மூழ்கிப் பிள்ளைகள் இறந்த செய்தி ஒவ்வொரு கோடையிலும் பத்திரிகையில் வருகிறது. குளிக்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லாமலே போன பிள்ளைகள் அதில் உண்டு. போதாக்குறைக்கு, மே முதல் வாரத்தில் கத்திரி வெயில் வேறு தொடங்கி விடும்.

ஆகவே, பகல் 11 மணி முதல் 4 மணி வரை பிள்ளைகள் வீட்டோடு இருக்க வேண்டும். கதவைத் தாழ்ப்பாள் போட்டு அல்ல. தாமாக விரும்பி இருக்க வேண்டும்.

செல்போனைக் கையில் கொடுத்தால் சத்தமே இருக்காது. உண்மைதான். ஆனால், 2 வயது முதல் 4 வயது வரை உள்ள குழந்தைகள் ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டில் கூறியது. அதிலும் குறைந்தால் நல்லதாம்.

பரணில் தேடுங்கள்

பாட்டி காலத்துப் பல்லாங்குழி பரண் மேல் இருக்கலாம். இல்லையா? கவலை வேண்டாம். தரையில் சாக்குக்கட்டியால் 14 வட்டம் போடுங்கள். வரிசைக்கு 7. வட்டத்துக்கு 5 புளியங்கொட்டை. ஆக 70.

இருவர் எதிர் எதிரே உட்கார வேண்டும். தன் வரிசையில் ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கொண்டே போக வேண்டும். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடரலாம். அடுத்த குழி காலியாக இருந்தால், அதைத் தடவி விட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக் கொள்ள வேண்டியது. அத்தோடு அவர் முறை முடிந்தது. நடுவில் ஒரு குழியில் 4 சேர்ந்தால் அது "பசு". அந்த வரிசைக்காரருக்குச் சொந்தம்! (ஊருக்கு ஊர் சட்டம் கொஞ்சம் மாறும். சண்டை வந்தால் பாட்டியின் தீர்ப்பே முடிவு.)

கணக்கு என்றால் ஓடுகிற பையன்கூட, எந்தக் குழியை அள்ளினால் எங்கே போய் நிற்கும் என்று மனதுக்குள் எண்ண ஆரம்பித்து விடுவான். இதுவும் கணக்குதான் என்று அவனிடம் சொல்லி விடாதீர்கள்!

ஒரு எச்சரிக்கை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொட்டைகளை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள். வாயிலோ மூக்கிலோ போட்டுக் கொள்ளும்.

நாலு பேர் இருந்தால் தாயம் ஆடலாம். ஆடு புலி ஆட்டத்துக்கு 3 புலி, 15 ஆடு. புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போதும்.

வடகத்துக்குக் காவல்

இது வடகம் போடும் காலம். "தள்ளிப் போ" என்று பிள்ளைகளை விரட்டாதீர்கள். காலையில் வெயில் ஏறும் முன்பே பிழிகிற வேலையில் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள். பிறகு காக்கை விரட்டும் உத்தியோகம்! நிழலில் உட்கார்ந்து, கையில் ஒரு குச்சி. பக்கத்தில் ஒரு செம்பு மோர். காவல்காரனே பாதி காய்ந்த வடகத்தைத் தின்று விடுவான் என்பது தெரிந்த கதைதான். மாவை இரண்டு பிடி கூடவே போடுங்கள்.

வீட்டு வேலையில் ஆண், பெண் பேதம் வேண்டாம். கறிவேப்பிலை உருவினால் பையனுக்கு மீசை முளைக்காமல் போய் விடாது!

கொட்டாங்கச்சியில் மண் போட்டு வெந்தயம் தூவச் சொல்லுங்கள். தினமும் தண்ணீர் தெளித்தால் சில நாளில் முளைத்து விடும். வெயில் தாழ்ந்த பிறகு நுங்கு வண்டி ஓட்டலாம். நுங்கு தின்ற காய் இரண்டு, நடுவில் ஒரு குச்சி, தள்ளுவதற்கு ஒரு கவட்டைக் கம்பு. செலவு கிடையாது.

இருவரும் வேலைக்குப் போனால்?

தாய், தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் இன்று ஏராளம். அக்கம்பக்கத்து மூன்று, நான்கு வீட்டார் கூடிப் பேசி, ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக் கொள்ளலாம். பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். மற்ற வீட்டார் முறுக்கோ, மாம்பழமோ கொடுத்து அனுப்பட்டும்.

பொறுப்பில் இருப்பவர் மணிக்கு ஒருமுறை தலையை எண்ண வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் உடனே தேட வேண்டும். "வந்து விடுவான்" என்று காத்திருக்கக் கூடாது. முதலில் தண்ணீர் இருக்கும் பக்கம் ஓட வேண்டும். கடைத் தெருவையும் நண்பர்கள் வீட்டையும் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.