சாப்பிட்டால் தெளிந்துவிடும் மயக்கம்

எங்கள் தொழிலில் ஒரு வகை பிழை உண்டு. வாடிக்கையாளர் கணினியில் தினமும் வரும். நாம் போய் உட்கார்ந்தால் வராது. இன்சுலினோமா பற்றிப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. (நான் டாக்டர் இல்லை, இன்ஜினியர். அந்த எச்சரிக்கையோடு படியுங்கள்.)

கணையத்துக்கு இரண்டு வேலை: செரிமான நொதி, ஹார்மோன். நாம் பயப்படுகிற கணையப் புற்றுநோய் பெரும்பாலும் நொதி வெளியேறும் குழாய்களில் வருவது. ஹார்மோன் செல்களில் வரும் கட்டிகள் வேறு ரகம். அதில் ஒன்றுதான் இன்சுலினோமா. வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் முதல் நான்கு பேருக்கு வருகிறது. பத்தில் ஒன்பது புற்று இல்லாத கட்டி. பெரும்பாலும் 2 செ.மீ.கூட இருக்காது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும் இது இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

அதனால் விடிகாலையிலோ, சாப்பாடு தள்ளிப்போன நாளிலோ வியர்வை, நடுக்கம், குழறல், சில சமயம் வலிப்பு. வழியிலேயே யாராவது ஜூஸ் கொடுத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் எல்லாம் நார்மல்! இப்படி வலிப்பு நோய், மனநோய் என்று வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் உண்டு.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1930களில் மூன்று நிபந்தனை சொன்னார். அறிகுறி இருக்கணும், அதே நேரத்தில் சர்க்கரை குறைந்திருக்கணும், சர்க்கரை கொடுத்ததும் சரியாகணும்.

பிழையை நம் கண் முன்னால் வரவழைக்க வேண்டுமே? அதற்குத்தான் ஆஸ்பத்திரியில் 72 மணி நேரம் வரை பட்டினிச் சோதனை. அறிகுறியோடு சர்க்கரை 55 மி.கி.க்குக் கீழே போனால், அப்போதே எடுத்த ரத்தத்தில் இன்சுலினையும் சி-பெப்டைடையும் அளப்பார்கள். உடம்பு இன்சுலின் தயாரிக்கும்போது உடன் வருவது சி-பெப்டைடு. ஊசி இன்சுலினில் அது கிடையாது. இரண்டும் குறையாமல் இருந்தால் இன்சுலின் உள்ளேயிருந்து வருகிறது. சில சர்க்கரை மாத்திரைகளும் இதே மாதிரி காட்டும் என்பதால் அதையும் சோதிப்பார்கள்.

ஸ்கேன் அதற்கப்புறம்தான். சிடி ஸ்கேனுக்குத் தப்பும் சின்னக் கட்டிகளை, எண்டாஸ்கோப்பி வழியாக இரைப்பைக்குள் அல்ட்ராசவுண்ட் கருவியை இறக்கிப் பார்க்கலாம்.

1921இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட அதே டொராண்டோவில், 1929இல் ராஸ்கோ கிரஹாம் இந்தக் கட்டியை வெட்டியெடுத்து நோயாளியைக் குணப்படுத்தினார். இன்றைக்கும் பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சையே முழுத் தீர்வு. பல சமயம் கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் போதும். அறுவை சிகிச்சை முடியாதவர்களுக்கு இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் டையாசாக்சைடு மாத்திரை இருக்கிறது.

வீட்டில் யாருக்காவது இப்படித் திரும்பத் திரும்ப வந்தால், குளுக்கோமீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஒரு சொட்டு ரத்தம் பார்த்துவிட்டு உடனே சர்க்கரை கொடுங்கள். இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் சர்க்கரை. நேரம், கடைசியாகச் சாப்பிட்டது, மீட்டர் காட்டிய எண் மூன்றையும் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். பட்டினிச் சோதனையை மட்டும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.