உங்கள் கோரைப்பல் உங்களைப் பற்றி என்னென்ன சொல்லும் தெரியுமா?

மண்ணிலிருந்து எடுத்த எலும்புக்கூடு ஆணுடையதா, பெண்ணுடையதா? கீழ்த்தாடையில் ஒரு கோரைப்பல் மிஞ்சியிருந்தாலே பெரும்பாலும் சொல்லிவிடலாம், தெரியுமா? வெர்னியர் காலிப்பரால் பல்லைப் பிடிக்கிறார்கள். பக்கத்துப் பல்லை உரசும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் அளக்கிறார்கள். 7 மில்லிமீட்டரைத் தாண்டினால் அநேகமாக ஆண், அதற்குள் நின்றால் அநேகமாகப் பெண். இருபாலருக்கும் இடையே சராசரி வித்தியாசம் ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன்தான்!

கோரைப்பல்லை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் ஒரு கணக்கை 1989இல் வெளியிட்டவர்கள் கர்நாடகத்தின் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ் குழுவினர். கோரைப்பல்லின் அகலத்தை, இரு கோரைப்பல் நுனிகளுக்கு நடுவே உள்ள தூரத்தால் வகுத்தார்கள். எல்லைக்கோடு 0.274. ஆண்களில் 84 விழுக்காட்டினரையும் பெண்களில் 87 விழுக்காட்டினரையும் அது சரியாகப் பிரித்தது. வகுத்து வரும் எண்ணைவிட நேரடி அளவே மேல் என்று பின்னால் வந்த ஆய்வுகள் திருத்தின. அந்தக் கல்லூரியை நடத்தும் அதே மணிப்பால் குழுமத்தின் கல்லூரி நம் மலாக்கா ஆயர் குரோவுக்குப் பக்கத்திலேயே, புக்கிட் பாருவில் இருக்கிறது. அங்கே பல் மருத்துவமும் படிக்கலாம்!

இதைவிட வியப்பு ஒன்று. மலேசியத் தமிழர்களின் பல்லைத் தனியாகவே அளந்திருக்கிறார்கள், தெரியுமா? காமிஸ், டவுன்சென்ட் முதலிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பிரித்து, பல் அளவை வைத்து ஆண் பெண் சொல்ல முடியுமா என்று பார்த்தது. 'இந்தியர்' என்று மொத்தமாக மூட்டை கட்டாமல் 'தமிழர்' என்றே எழுதினார்கள். இது மிக முக்கியம். பல்லின் அளவு மக்களுக்கு மக்கள் மாறும். ஐரோப்பியரின் அட்டவணையை வைத்துக்கொண்டு ஜாசின் தோட்டத்து எலும்பைத் தீர்மானித்தால் தவறிப் போகும்.

நாம் பிறந்த நாளே பல்லில் பதிவாகிறது! தாயின் வயிற்றிலிருந்து வெளியே வரும் அதிர்ச்சியில் எனாமலில் ஒரு மெல்லிய கோடு விழுகிறது. பால்பல்லைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் தெரியும். குழந்தை உயிரோடு பிறந்து சில நாள் வாழ்ந்ததா என்பதற்கு அதுவே சாட்சி. 1837இல் இங்கிலாந்தில் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், ஆலையில் வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளையின் வயதைப் பல்லைப் பார்த்தே சொல்லலாம் என்று நிரூபித்தார். பெரியவர்களுக்கும் வழி உண்டு. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பன் எனாமலில் தங்கிவிடுகிறது. அதைக் கொண்டு பிறந்த ஆண்டை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் பிசகுக்குள் சுவீடன் ஆய்வாளர்கள் 2005இல் கணித்தார்கள்!

எனாமலில் 96 விழுக்காடு தாதுப்பொருள். உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் கிடையாது. தசை கருகினாலும் பல் நிற்கும். அதனால் விபத்தில் இறந்தவர் யார் என்று சொல்லவும் அது உதவும்.

1977 டிசம்பர் 4ஆம் தேதி கடத்தப்பட்ட மாஸ் விமானம் ஜொகூர் தஞ்சோங் குப்பாங்கில் விழுந்து 100 பேர் மாண்டார்கள். யார் யாரென்று பிரித்தறிய முடியாமல் ஜொகூர் பாருவில் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். ஆனால் 2014இல் எம்எச்17 விமானத்தில் இறந்த 298 பேரில் 296 பேர் அடையாளம் காணப்பட்டார்கள். மலேசியர் 43 பேரும் அதில் அடக்கம். மரபணு, கைரேகை, பல் பதிவேடு மூன்றும் சேர்ந்துதான் இதைச் சாதித்தன.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருந்தால்தானே பல்லும் பேசும்! பல் கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரே படத்தைத் தூக்கி எறியாதீர்கள். எந்த கிளினிக்கில் பல் அடைத்தீர்கள், எங்கே தங்கப்பல் கட்டினீர்கள் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். பாட்டி தாத்தா பல் தெரியச் சிரிக்கும் படம் ஒன்றையும் எடுத்து வையுங்கள். அதுவும் அடையாளம் காண உதவும்.