அக்டோபர் முதல் தைப்பூசம் வரை

பனி இல்லை, பருவம் உண்டு

டிசம்பர் பிறந்ததும் பினாங்கின் பிறை வட்டாரத்துப் பேரங்காடிகளில் பஞ்சுப் பனிமனிதன் வந்து நின்றுவிடுவான். வெளியே கார் நிறுத்துமிடத்தில் வெயில் 31 பாகை கொளுத்தும். குளிர்காலத்தில் உடம்பைப் பேணுவது எப்படி என்று வெளிநாட்டு இதழ்கள் எழுதுவதை நாம் வாசிக்கலாம், ஆனால் கடைப்பிடிக்க இங்கே குளிர் வேண்டுமே.

குளிர் இல்லாவிட்டாலும் உடம்பு முடங்குகிற மாதங்கள் நமக்கும் உண்டு. பினாங்கில் மழை உச்சத்துக்குப் போவது செப்டம்பர், அக்டோபரில். நவம்பரும் சும்மா விடாது. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு தொடங்கிய மழை தீவையும் செபராங் பிறையையும் மூழ்கடித்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கிளந்தானும் திரெங்கானுவும் நனையும் டிசம்பர், ஜனவரியில் தித்திவங்சா மலைத்தொடர் மழையை மறித்துக்கொள்வதால் நம் பக்கம் வானம் வெளுக்கத் தொடங்கும். ஜனவரியும் பிப்ரவரியும் காய்ந்த மாதங்கள்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான இந்த ஐந்து மாதத்தின் மேல்தான் பெருநாள்கள் வரிசையாக வந்து உட்காருகின்றன. தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், சீனப் புத்தாண்டு, தைப்பூசம். ஒவ்வொன்றுக்கும் திறந்த இல்ல உபசரிப்பு, ஒவ்வொரு வீட்டிலும் முறுக்கு டின். அமெரிக்காவில் 195 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஆண்டிறுதி விழாக்காலத்தில் அவர்கள் சராசரியாக 0.37 கிலோ எடை கூடியதாகச் சொன்னது. இது ஒன்றும் பெரிய எடை இல்லைதான். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அது குறையவும் இல்லை. பத்து ஆண்டுக்கு அப்படியே சேர்ந்தால் என்னவாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர்களுக்காவது விழாக்காலம் ஆறேழு வாரத்தில் முடிந்துவிடுகிறது.

உட்கார்ந்தபடியே ஓர் உல்லாசம்

மலேசிய சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வுப்படி, வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் உடல் எடை கூடியவர்கள் அல்லது பருமன் உள்ளவர்கள். 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு. அதற்கு முந்தைய 2019 ஆய்வில் இந்தியர்களில் பத்துக்கு மூவருக்கு இனிப்புநீர் இருந்தது. நாட்டில் எந்தப் பெரிய இனத்தாருக்கும் இவ்வளவு இல்லை.

‘எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் உண்டு’ என்று பரம்பரையின் மேல் பழி போட்டுவிடுகிறோம். அதில் உண்மை இருக்கிறது. கூடவே நம் ஞாயிற்றுக்கிழமையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பத்து மணிக்கு எழுந்து, காரில் ஏறி, பாலத்தைக் கடந்து தீவுக்குப் போய், கடைக்கு நேர் எதிரில் கார் நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றி, உட்கார்ந்து பசியாறிவிட்டு, மறுபடி காரில் ஏறிப் பேரங்காடிக்குப் போய் நகரும் படிக்கட்டில் நின்று, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். குடும்பமாக வெளியே போய் வந்த திருப்தி உண்மையானதுதான். கால்களுக்குத்தான் அன்றும் விடுமுறை.

இதை மாற்றப் பெரிய திட்டம் வேண்டாம். காரை பட்டர்வொர்த்தில் நிறுத்திவிட்டுப் பெர்ரியில் போங்கள். 1894இலிருந்து ஓடுகிற சேவை; 2023 ஆகஸ்டில் புதிய கலங்கள் வந்தன. அவற்றில் கார் ஏற்றுவதில்லை. உடல்நலக் கண்ணோடு பார்த்தால் இது நமக்கு நல்லதுதான். அக்கரையில் இறங்கிச் சீனர்களின் குலத் துறைமேடைகள், 1801இல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1833இல் அமைந்த குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில், பிறகு லிட்டில் இந்தியா. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடை. சாப்பாடு கடைசியில் வரட்டும். நடந்த பிறகு வாழையிலை முன் உட்கார்ந்தால் எட்டு வயதுப் பிள்ளை ரசத்தைக்கூட மறுக்காது.

குற்றவாளி டுரியான் இல்லை

டுரியான் பருவம் வந்தால் வீட்டுக்கு வீடு ஒரு விசாரணை நடக்கும். பாலேக் பூலாவ் மலைச்சரிவுகளில் மே, ஜூனில் காய் விழத் தொடங்கி ஆகஸ்டு வரை ஓடும். ஆண்டிறுதியில் பிற மாநிலத்துப் பழமும் லோரியில் வந்து சாலையோரத்தில் குவியும். அப்பா இரண்டு சுளை எடுத்ததும் அம்மாவின் பார்வை, ‘சீனி ஏறும்’ என்ற எச்சரிக்கை, அப்பா முகத்தில் திருட்டுக் களை.

100 கிராம் டுரியான் சதையில் ஏறக்குறைய 150 கலோரியும் 27 கிராம் மாவுச்சத்தும் உண்டு. மாவுச்சத்துக் கணக்கில் இரண்டு துண்டு ரொட்டிக்குப் பக்கம். மரத்திலிருந்து வருகிற பழம் என்பதால் கொலஸ்ட்ரால் கிடையாது. இனிப்புநீர் உள்ளவர் அன்றைய சோற்றைக் குறைத்துக்கொண்டு இரண்டு மூன்று சுளை சாப்பிட்டால் வானம் இடிந்து விழாது. ஐயம் இருந்தால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்துக்கொள்ளலாம். சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். டுரியானில் பொட்டாசியம் அதிகம், அதை வெளியேற்ற முடியாத உடம்பில் இதயத் துடிப்பு தடுமாறும். மதுவோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது என்ற பழைய எச்சரிக்கையையும் சிரித்து ஒதுக்க வேண்டாம். மதுவை முறிக்கும் நொதி ஒன்றின் வேலையை டுரியான் தடுப்பதை 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சோதனைக்கூடத்தில் கண்டார்கள்.

இப்போது நாம் விசாரிக்காமல் விட்ட ஆளைப் பார்ப்போம். மாமாக் கடையில் தே தாரிக் கலக்குபவரின் கையைக் கவனியுங்கள். டின் பாலைக் கரண்டியால் அளந்து போடுவதில்லை. டின்னைச் சாய்த்துக் குவளையின் அடி வெள்ளையாகும் வரை ஊற்றுகிறார். அது 40 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் அதில் பாதிக்கு மேல் சீனி, 20 கிராமைத் தாண்டிவிடும். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலையில் ஒன்று, பத்து மணி ஓய்வில் ஒன்று, மாலையில் ரொட்டி சானாயோடு ஒன்று. இது ஆண்டின் எல்லாப் பருவத்திலும் காய்க்கிறது. டுரியான் வந்து சில மாதத்தில் போய்விடும். பருவமே இல்லாத இந்தக் குவளைதான் என் கணிப்பில் முதல் எதிரி. ‘கூராங் மானிஸ்’ என்று சொல்லத் தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து ‘தே ஓ கோசோங்’ சொல்லவும் நாக்கு பழகிவிடும். நம்ப மாட்டீர்கள், ஆனால் பழகும்.

மழை மாதச் சமையல்

விடாமல் மழை பெய்தால் கேமரன் மலைக் காய்கறி விலை ஏறும். அப்போது முட்டைக்கோசுக்கு ஏங்க வேண்டியதில்லை. வேலியோர முருங்கை, சந்தையில் மலாய்ப் பெண்கள் கட்டுக்கட்டாக வைத்திருக்கும் வல்லாரை, கங்கோங் எல்லாம் தாழ்நிலத்திலேயே விளைபவை. முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் நிறைய. சாம்பாரில் ஒரு பிடி போட்டுக் கணக்குத் தீர்க்காமல் தட்டில் பாதியைக் காயும் கீரையுமாக வையுங்கள், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ. சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்று சொல்லிவருவதும் இதைத்தான். மீன் என்றால் கெம்போங் போதும். இதயத்துக்கு நல்ல ஓமேகா-3 கொழுப்பு அதிலேயே இருக்கிறது, விமானத்தில் வரும் சால்மனுக்குக் காசு கொட்ட வேண்டாம்.

மழையில் சூடான பீசாங் கோரேங் கேட்கும் மனத்தை எந்த மருத்துவராலும் அடக்க முடியாது. நான்கு பேர் வீட்டுக்கு நான்கு துண்டு வாங்கினால் போதும். பத்து துண்டுப் பொட்டலம் வாங்கினால் பத்தும் தீர்ந்துதான் எழுவோம்.

ஷிப்ட் முடிந்து வந்தவர்களுக்கு

பிறை தொழிற்சாலை ஊர். மாலை ஏழரைக்குத் தொழிற்பேட்டைப் பேருந்திலிருந்து இறங்கும் பெண்ணிடம் ‘உடற்பயிற்சி செய்கிறீர்களா அக்கா?’ என்று கேட்டால், ‘பன்னிரண்டு மணி நேரம் நின்னுட்டு வரேன், போதாதா?’ என்பார். கோபம் நியாயம். ஆனால் நிற்பது காலை வலிக்க வைக்குமே ஒழிய இதயத்தைப் பழக்காது. வயது வந்தோர்க்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு, பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடியாடுதல் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடை, சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையைக் குறைக்கும். மழையென்றால் அடுக்குமாடியின் நடைபாதையிலேயே நடக்கலாம். லிப்ட் வேலை செய்யாத நாளில் திட்டிக்கொண்டே ஏறுகிறோமே, வேலை செய்யும் நாளிலும் இரண்டு மாடியாவது ஏறலாம். பிள்ளைகளோடு வாரம் ஒருமுறை பூப்பந்து அரங்கை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்தால் மழையைப் பற்றிய பேச்சே வராது.

செப்டம்பர் வாக்கில் சில ஆண்டுகள் சுமாத்திராப் புகை வந்துவிடும். 2019இல் பினாங்கில் பள்ளிகளையே மூடினார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகளில் திடல் விளையாட்டு கூடாது என்பது விதி. வீட்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இழைப்பு உள்ள பிள்ளைக்கு அதற்கு முன்பே கதவைச் சாத்த வேண்டியிருக்கும்.

சிரோக் தோக்குன் ஓடையில்

மழை விட்டதும் பிறைக் குடும்பங்கள் எளிதில் போய் வரக்கூடிய காடு புக்கிட் மெர்தாஜாமில் உள்ள சிரோக் தோக்குன். மலையேறத் தார்ச் சாலையும் உண்டு, காட்டுப் பாதையும் உண்டு. பாட்டி தார்ச் சாலையில் முடிந்த மட்டும் போகட்டும், பேரன் காட்டு வழியில் வேர்களைப் பிடித்து ஏறட்டும். திரும்பும் வழியில் செயின்ட் ஆன் தேவாலய வளாகத்துக்குப் போனால் பல்லவ எழுத்தில் சமஸ்கிருத வாசகம் பொறித்த பாறை ஒன்றைப் பார்க்கலாம். 1845இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி கண்டறிந்தது. வரலாற்றுப் பாடத்தில் தூங்கும் பிள்ளைகள் இங்கே விழித்துக்கொள்வார்கள்.

ஓடையில் இறங்குமுன் மலை உச்சியைப் பாருங்கள். மேலே மழை கொட்டினால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் பாய்ந்து வரும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ பாத்திரத்தை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேற வேண்டும். மிச்ச உணவை அங்கே வீசாதீர்கள். அது எலியை வரவழைக்கும், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு கீறல் வழியாக எலிக்காய்ச்சலைத் தரும். ஓடையில் குளித்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் முதலில் ‘ஓடையில் குளித்தோம்’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அவர் டிங்கியை மட்டும்தான் தேடக்கூடும்.

513 படி

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்குப் போகிறவர்கள் 513 படி ஏறுகிறார்கள். ஆண்டு முழுக்க லிப்டில் போன கால்கள் அன்று ஒரே நாளில் ஏறி இறங்க வேண்டும், அதுவும் வெறுங்காலோடு, சிலர் பால்குடத்தோடு. வேண்டுதல் மனத்துக்குச் சரி, மூட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டாமா? மழை ஓய்ந்த டிசம்பரிலிருந்து வாரம் ஒரு நாள் குடும்பமாகப் போய் முதல் வாரம் நூறு படி, பிறகு இருநூறு என்று கூட்டிக்கொண்டே போகலாம். காலை ஏழு மணிக்குக் காற்று குளிர்ந்திருக்கும், பக்கத்திலேயே 1884இல் அமைத்த பூமலைத் தாவரவியல் பூங்கா. நெஞ்சில் இறுக்கமோ வழக்கமில்லாத மூச்சுத் திணறலோ தெரிந்தால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். அடுத்த வாரம் கோயிலுக்கு முன் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

இனிப்புநீர் பல ஆண்டாக இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாதம் மரத்திருக்கும், ஆனால் மரத்திருப்பதே தெரியாது. ஜனவரி வெயிலில் காய்ந்த தார்ச் சாலை சுட்டாலும், தேங்காய்ச் சில் குத்தினாலும் உறைக்காது. இரண்டு நாள் கழித்துக் காலுறையில் கறை பார்த்துத்தான் புண் தெரியவரும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, அரசுக் கிளினிக்கில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். உணர்வு குறைவு என்று தெரிந்தால் வெறுங்கால் நடை வேண்டாம். கோயில் வாசல் வரை செருப்போடு போவதை முருகன் தவறாக எடுத்துக்கொள்வான் என்று எனக்குத் தோன்றவில்லை.

விரதத்துக்கும் இதே முன்யோசனை தேவை. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் ஒரு வேளை உணவைத் தாங்களாகவே விட்டுவிட்டு மருந்தை மட்டும் வழக்கம்போல் போட்டால் நடுவழியில் சர்க்கரை சரியும். விரதம் தொடங்குமுன் மருந்தளவை மருத்துவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்ப் பந்தல்களில் சீராப் பண்டோங்கும் டப்பா பானங்களும் அள்ளி நீட்டுவார்கள். பந்தலுக்குப் பந்தல் வாங்கிக் குடித்தால் நடையில் செலவான கலோரி பாதி வழியிலேயே திரும்பி வந்துவிடும், வெறும் தண்ணீர் கேட்டு வாங்குங்கள். ஆனால் கூட வரும் பெரியப்பாவுக்குத் திடீரென வியர்த்துக் கை நடுங்கி, பேச்சு குழறினால் அந்தச் சீராப்தான் அப்போது மருந்து. அரை டம்ளர் குடிக்க வைத்து நிழலில் உட்கார வைத்து, பதினைந்து நிமிடம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்து, தேறவில்லையென்றால் இன்னொரு அரை டம்ளர் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்கு அழைக்க வேண்டும். சோதனைக் கருவியையும் மருந்துச் சீட்டின் நகலையும் பால்குடம் தூக்காத யாராவது ஒருவர் பையில் வைத்திருக்கட்டும்.