மலைத் தவளைக்கு அளவான குளிர் வேண்டும்

வயலிலும் தோட்டத்திலும் பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவும் பிராணி தவளை. தவளைக் கால் ஏற்றுமதியை மத்திய அரசு 1987-ஆம் ஆண்டு தடை செய்தது. ஆனால் பிடிப்பதைத் தடுத்தால் மட்டும் தவளை பிழைத்துவிடாது. அது தாங்கக்கூடிய வெப்பநிலையும் ஈரமும் இருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் தவளைகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

உடற்சூடு

மாடு, ஆடு, கோழி ஆகியவை தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்கின்றன. தவளைக்கு அந்தச் சக்தி இல்லை. சுற்றியுள்ள காற்றும் நீரும் எவ்வளவு சூடோ, ஏறக்குறைய அவ்வளவே அதன் உடம்பும். குளிர் மிகுந்தால் அசைவு மந்தமாகும், இரை செரிக்காது, முட்டையும் தலைப்பிரட்டையும் வளர அதிக நாளாகும். சூடு மிகுந்தால் தோல் வழியே ஈரம் ஆவியாகி உடம்பு வறளும். தோலாலும் மூச்சு விடும் பிராணியாதலால் ஈரம் போனால் உயிர் போகும்.

ஒரு தவளை எவ்வளவு சூட்டையும் குளிரையும் தாங்கும் என்பதை விஞ்ஞானிகள் எளிய முறையில் அறிகிறார்கள். தவளையை மெல்ல மெல்லச் சூடாக்கியோ குளிர வைத்தோ மல்லாத்திப் போடுவார்கள். புரண்டு எழ முடியாமற்போகும் நிலையே அதன் எல்லை. உடனே பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் தவளை தேறிவிடும்.

மலையே வேலி

மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி சென்டிகிரேட் குறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே இரண்டுக்கும் 11 டிகிரி அளவுக்கு வித்தியாசம் இருக்கும்.

குளிர் நாடுகளில் ஒரே இடத்தில் கோடையில் வெயிலும் மாரியில் பனியும் மாறி மாறி வரும். அங்குள்ள பிராணிகள் இரண்டுக்கும் பழகியவை. வெப்ப நாடுகளிலோ ஓரிடத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. அதனால் இங்குள்ள பிராணிகள் பல குறுகிய அளவுக்குள்தான் வாழப் பழகியுள்ளன. ஆகவே வெப்ப நாட்டு மலை, உயரத்தில் சிறியதானாலும், பிராணிகளுக்குப் பெரிய வேலியாகிறது என்று அமெரிக்க விஞ்ஞானி டேனியல் ஜான்சன் 1967-இல் விளக்கினார்.

பள்ளமும் வேலிதான். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. குளிருக்குப் பழகிய சிறு மரத்தவளைகளால் இந்தச் சூடான தாழ்நிலத்தைக் கடக்க இயலாது. நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்ததால் இரு பக்கமும் வெவ்வேறு இனங்கள் தோன்றியுள்ளன. தேரையைப் போல் சமவெளியிலும் மலையிலும் தாக்குப்பிடிக்கும் இனங்களும் உண்டு.

உச்சிக்கு மேல் இடமில்லை

கேரளத்தில் ஆனைமுடியைச் சேர்ந்த உயர்ந்த புல்வெளிகளில் செந்நிறத் தவளை ஒன்று வாழ்கிறது. 2010-இல்தான் இது தனி இனமென்று அறிவிக்கப்பட்டது. பூமி சூடேறினால் கீழே வாழும் இனங்கள் சற்று மேலே நகரலாம். உச்சியில் இருப்பதற்கு ஏற வேறு இடமில்லை.

வெப்பத்தின் அளவு உயரத்தை மட்டும் பொறுத்ததல்ல. மார்கழி, தை மாதங்களில் நீலகிரிப் புல்வெளியில் உறைபனி விழும்போதும் பக்கத்துச் சோலைக்குள் அவ்வளவு குளிர் இராது. பகல் வெயிலிலும் சோலைக்குள் குளுமை நிற்கும். மரத்தை வெட்டிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். மலையில் உள்ள மரத்தவளைகளில் பல, நீரில் முட்டையிடாமல் இலையிலும் ஈர மண்ணிலும் இடுகின்றன. அவற்றிலிருந்து தலைப்பிரட்டை வராமல் நேரே குட்டித் தவளையே வரும். நிழலும் ஈரமும் குறைந்தால் முட்டை காய்ந்துவிடும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

தேயிலை, காப்பி, ஏலம், மிளகு பயிரிடும் சிறு விவசாயிகள் செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு.

1. ஓடைக்கரையில் தானாக வளர்ந்த செடி கொடிகளை அடியோடு வெட்டாமல் விட்டுவைக்கலாம்.

2. நிழல் மரங்களை ஒரே சமயத்தில் மொட்டையாக்காமல் பகுதி பகுதியாகக் கிளை கழிக்கலாம்.

3. சருகையும் கழித்த தழையையும் எரிக்காமல் மூடாக்காகப் போட வேண்டும். மண்ணில் ஈரம் நிற்கும். தவளைக்கும் ஒதுங்க இடம் கிடைக்கும்.

4. பூச்சி மருந்து அடித்த தெளிப்பானை ஓடையில் கழுவக்கூடாது. தவளையின் மெல்லிய தோல் மருந்தை எளிதில் உறிஞ்சிவிடும்.

5. மழைநீர் தேங்கும் சிறு குட்டைகளை மண் போட்டு மூடாமல் வைத்திருப்பது நல்லது.

நிழலும் சருகும் ஓடை ஈரமும் தவளையோடு பயிரையும் வெயிலிலிருந்து காக்கும்.