அயனிக் கற்றையும் நெல் நாற்றும்

அயனிக் கற்றைக்கு உட்படுத்திய நெல் விதையை முளைக்க வைத்தால், முதல் வாரத்தில் பார்ப்பவர்க்குப் பெரும்பாலும் குறை ஏதும் புலப்படாது. இதைக் கண்டு, கொடுத்த அளவு போதவில்லை என்று முடிவு கட்டுவது எளிது. உண்மை வேறு. முளை வெளிவருவதற்கு, விதையில் முன்னரே அமைந்துள்ள உயிரணுக்கள் நீரை உறிஞ்சி நீண்டாலே போதும். புதிய உயிரணுக்கள் பிரிந்து பெருக வேண்டிய கட்டத்திலேதான் சேதம் வெளிப்படுகிறது. அப்பொழுது வேர் குட்டையாகிறது, நாற்று குன்றுகிறது, சில நாற்றுக்கள் இரண்டு மூன்று இலைகளோடு நின்று மடிகின்றன. ஆகவே முளைத்தவற்றை எண்ணுவதோடு நில்லாது, நாற்றின் உயரத்தையும், மூன்று நான்கு வாரங்களுக்குப் பின் உயிரோடிருப்பவற்றையும் கணக்கிடுதல் வேண்டும்.

காமாக் கதிர்கள் உயிரணுவினுள் பரவலாகச் சிதறிய காயங்களை உண்டாக்குகின்றன. நெல் விதைக்கு அவற்றை 200 முதல் 300 கிரே வரை கொடுப்பது வழக்கம். கார்பன் அயனியோ தன் பாதை நெடுகிலும் ஆற்றலை நெருக்கமாகக் கொட்டிச் செல்கிறது. மரபுப் பொருளின் இரு இழைகளும் அருகருகே அறுபடுவதால், அவற்றை உயிரணு செப்பனிடுவது கடினமாகிறது. எனவே குறைந்த அளவிலேயே நாற்று அதே அளவு குன்றிவிடுகிறது. விதையின் ஈரப்பதம் காமாக் கதிரின் விளைவை மிகவும் மாற்றும். அயனிகளின் விளைவை அத்துணை மாற்றாது.

அயனிக் கற்றை தரும் பெரிய இயந்திரங்கள் சிலவே. ஆதலின் நம் நாட்டில் நெல்லுக்குப் பெரும்பாலும் பிற முறைகளே கைக்கொள்ளப்பட்டன. ஒடிசாவில் டி 141 என்ற நெல்லை எக்ஸ் கதிருக்கு உட்படுத்திப் பெற்ற ‘ஜகந்நாத்’ 1969-இல் வெளியாயிற்று. ஹைதராபாதில், குகட்பள்ளிக்குத் தெற்கேயுள்ள இராஜேந்திரநகர் நெல் ஆராய்ச்சி நிலையமும், அந்நகரின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து, நம்மவர் ‘ஆந்திரா பொன்னி’ என வழங்கும் சாம்பா மசூரியில் இரசாயனப் பொருளால் மாற்றங்களை விளைவித்து ஆராய்ந்துள்ளன.

முதல் தலைமுறையில் காணும் குட்டைத் தன்மையைக் கண்டு, குட்டை இரகம் கிடைத்துவிட்டதென மகிழ வேண்டா. அது பெரும்பாலும் காயத்தின் அடையாளமே, பரம்பரையாகச் செல்லாது. அச்செடிகளைக் கழித்துவிடுவதும் தவறு. கதிர் கதிராக அறுத்துத் தனித்தனி வரிசைகளில் விதைத்தால், இரண்டாம் தலைமுறை நாற்றங்காலில் வெண்ணிற நாற்றுக்களும் மஞ்சள் நாற்றுக்களும் இடையிடையே தோன்றும். மாற்றம் மரபில் புகுந்துள்ளது என்பதற்கு முதற் சான்று இவையே. வெண்ணிற நாற்று விதையிலுள்ள உணவு தீர்ந்ததும் மடிந்துவிடும். ஆதலால் நடவு வரை காத்திராது நாற்றங்காலிலேயே எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும்.